மலைமேல் ஒரு கோடைப் பயிற்சி

செயற்கை நுண்ணறிவு படிக்கிற பிள்ளை, நெல்லியாம்பதியோ மூணாறோ, எஸ்டேட் பக்கத்து ஊழியம் ஒன்றுக்குக் கோடைப் பயிற்சிக்குப் போகிறான். கடிதத்தில் ‘டிஜிட்டல் மாற்றம்’ என்றிருக்கும். கையில் வருவதோ, பாமினி எழுத்துருவில் எவரோ என்றைக்கோ தட்டிவைத்த பாட்டுக் கோப்பு. யூனிகோடுக்கு மாற்றாமல் திரையில் விட்டால் அல்லேலூயா வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். சபை அசராது. எஸ்டேட் தமிழர்களுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம்; திரை இருப்பது படம் எடுத்து அனுப்ப.

“தம்பி, லைவ் போகுதா?”

“சுத்திக்கிட்டே இருக்கு ஐயா.”

“ஸ்தோத்திரம். சுத்தட்டும்.”

பழைய பதிவேடுகளைத் தரவுதளமாக்கச் சொன்னால் இன்னும் வேடிக்கை. மூணாறு சி.எஸ்.ஐ. ஆலயத்தில் கல்லறைதான் மூத்தது. காலராவில் இறந்த எலினார் மே அங்கே அடக்கமானது 1894இல். ஆலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1910இல். ஆலயம் எழும்பிய பிறகே அடக்கம் என்று நிரல் எழுதுகிற பிள்ளைக்குக் கணினி ‘தேதி தவறு’ என்று சிவப்பில் கத்தும். அந்த அம்மையார் என்ன செய்வார்?

ஊழியமும் தொழில்நுட்பமும் கேரளத்தில் புதுச் சம்பந்தமல்ல. 1578இல் கொல்லத்தில் அன்ரிக்கே அன்ரிக்கஸ் பாதிரியார் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். மொத்தம் 16 பக்கம். நம் பிள்ளையிடம் கல்லூரி கேட்கும் பயிற்சி அறிக்கை 60 பக்கம், ஸ்பைரல் பைண்டிங்கோடு.