வரப்பு நிறைந்த வள்ளலுக்கு

அண்ணே, டெல்டாவில் உங்களைப் போல் கொடையாளி யார் இருக்கிறார்? குறுவை நடவு முடிந்ததிலிருந்து அறுப்பு நெருங்கும்வரை உங்கள் வயலில் ஒருநாளும் மண் வெயிலைப் பார்த்ததில்லை. மோட்டாரும் ஓய்ந்ததில்லை. இலவச மின்சாரத்தில் ஒரு யூனிட்டைக்கூட நீங்கள் வீணாக்கியதில்லை.

உங்கள் கருணை கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் எட்டுகிறது. காற்றுப் புகாத சேற்றில்தான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பிழைக்கும். மடக்கி உழுத வைக்கோலைப் போட்டு, மேலே தண்ணீரைத் தேக்கி, அவற்றை வாழவைக்கிறீர்கள். வயலில் கால் வைத்தால் கருஞ்சேற்றிலிருந்து கொப்புளங்கள் எழுகின்றனவே, அவை அதற்கான நன்றி. கொப்புளமாக வரும் மீத்தேன் கொஞ்சம்தான்; பெரும்பகுதி நெல்தண்டின் காற்றறைகள் வழியே மேலேறிவிடுகிறது. வேர் மூச்சுவிடப் பயிர் வைத்திருக்கும் வழியைப் புகைபோக்கியாக்கிய பெருமை உங்களுடையது. இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றும் வாயு அது. உலகில் மனிதர் கிளப்பும் மீத்தேனில் சுமார் 10 சதவீதம் நெல்வயல்களுடையது. அதில் உங்கள் பங்கைக் குறைவின்றிச் செலுத்துகிறீர்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்லி, துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வயலில் ஊன்றி, குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீரைத் தேக்கிவைத்தால் விளைச்சல் பொதுவாகக் குறையாது, மீத்தேன் ஏறக்குறைய பாதிவரை குறையலாம். குழாயை மாட்டுக்கொட்டகைப் பரணில் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்! ஒரு பொட்டுச் சேறு ஒட்டவில்லை.

“காயப்போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புமாமே?” என்று கேட்டீர்கள். கிளம்பும், உண்மைதான். யூரியாவை அளந்து இடுகிறவருக்கு அது மீத்தேனில் கிடைத்த லாபத்தைப் பெரும்பாலும் தின்றுவிடுவதில்லை. மூட்டை மூட்டையாக வீசும் கைக்கு இந்தக் கவலை வந்ததே, அதைப் போற்றாமல் இருக்க முடியுமா?

கடைமடைக்காரர் அடுத்த முறைத் தண்ணீர் வருமோ வராதோ என்று தேக்கிவைப்பார். வாய்க்காலை மட்டுமே நம்பியவரை நான் குறை சொல்லமாட்டேன். சொந்தமாகப் போர்வெல்லும் மோட்டாரும் வைத்துக்கொண்டு, அவருடைய அச்சத்தையும் தம்முடையதாக எடுத்துக்கொள்ளும் பணிவு உங்களுக்குத்தான் வரும்.

பக்கத்து நிலத்துக்காரர் கடன் வாங்கித் தம் போரை இன்னும் ஆழப்படுத்தினார். அவர் நிலத்தடி நீர் எந்த வயலில் நிற்கிறதென்று ஊருக்கே தெரியும். ஆனாலும் உங்கள் முகத்துக்கு நேரே ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவு மரியாதை, அண்ணே, உங்களுக்கு.