கோழிக்கூடு யாருக்காக? கீரி, மரநாய் நோக்கில் ஒரு கட்டடவியல் ஆய்வு

முதன்முதலாகக் கோழி வளர்க்கப் புகும் குடும்பத்தார் கூட்டைக் கோழிக்காகக் கட்டுகிறார்கள் என்பதே அறிஞருலகின் நெடுநாள் நம்பிக்கை. அது பிழை என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். இரவில் நாட்டுக்கோழிக்கு வேண்டியது உட்கார ஒரு கம்பு; அது கொல்லை முருங்கையிலேயே கிடைக்கிறது. கதவு, தாழ்ப்பாள், கம்பிவலை முதலான செலவெல்லாம் வேறு இருவரை முன்னிட்டு. பகல் ஷிஃப்ட் கீரிக்கு. இரவு ஷிஃப்ட் மரநாய்க்கு. ஆகவே மேயும் அடைப்பைக் கீரிக்கும், கூட்டை மரநாய்க்கும் அளவெடுத்துத் திட்டமிடுவதே முறை.

வலையிலிருந்து தொடங்குவோம். கடையில் கோழிவலை என்று கேட்டால் தரப்படும் அறுகோணக் கண் வலை, பேருக்கேற்பக் கோழியை மட்டுமே தடுக்கும். தெருநாய் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். கண் பெரிதானால் மரநாய் முன்னங்காலை விட்டு, ஓரமாகத் தூங்கும் கோழியைப் பற்றிவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ்தான் சரி. அடிவிளிம்பை வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்போட்டு மூட வேண்டும். தோண்டும் பிராணி வேலியை ஒட்டித்தான் தோண்டும். ஓரடி பின்வாங்கி யோசித்துத் தோண்டும் கீரியை ஆய்வுலகம் இன்னும் சந்திக்கவில்லை. மேலே பருந்துக்கு ஒரு நைலான் வலை. குஞ்சுகளுக்கான இதே சிக்கலை நம் பாட்டிகள் ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்துத் தீர்த்தார்கள். அதற்கு வரைபடம் தேவைப்படாததால் அறிஞர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கூடு அமையும் திசை பற்றி மூன்று பள்ளிகள் உண்டு. வாஸ்துக்காரர் வாயு மூலை என்பார். அம்மா, துணி காயும் கொடிப்பக்கம் மட்டும் வேண்டாம் என்பார். சேவலின் குரலை முன்கூட்டியே கேட்டுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊரைப் பரிந்துரைப்பார். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே அடிக்காது என்பது அறிவியல். நடைமுறையில் பழைய ஜன்னல் சட்டமும் மிச்சத் தகரமும் எங்கே கிடக்கின்றனவோ அங்கேதான் கூடு எழும்புகிறது.

பரப்பளவில்தான் பெருங்குழப்பம். கோழிக்குக் கூட்டுக்குள் 2 சதுர அடி, அடைப்பில் 10 சதுர அடி என்று பெருக்கி, நாலு பெட்டை ஒரு சேவலுக்குக் கட்டி முடிப்பார்கள். நாட்டுப்பெட்டை ஒரு சுற்று முட்டையிட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பெருக்கல் வாய்ப்பாட்டைக் கோழி நம்மைவிட நன்றாக அறியும். இரண்டு மடங்காகவே கட்டுங்கள்.

உள்ளே கம்புகளை ஒரே உயரத்தில் வையுங்கள். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்று நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே 1920களில் எழுதினார். உயரக் கம்பு ஒன்று இருந்தால் அந்த வரிசை தினம் அந்தியில் நம் காதுபட நிர்ணயமாகும். முட்டைப்பெட்டி கம்புக்குத் தாழ்வாக இருக்கட்டும். இல்லையேல் அதிலேயே தூங்கி எச்சமிடும். மூன்று பெட்டி வைத்தாலும் எல்லாப் பெட்டைகளும் ஒன்றுக்கே காத்து நிற்கும். காரணம் பெட்டைகளுக்கே வெளிச்சம்.

இத்தனைக்கும் பிறகு கோழிகள் முருங்கையிலேயே ஏறுமானால் ஆய்வு தோற்றதென்று கொள்ள வேண்டாம். முதல் ஒரு வாரம் கூட்டிலேயே அடைத்து வையுங்கள். பிறகு பொழுதுசாய அவையாகவே வந்து அடையும். கதவைச் சாத்துவது யார் என்பதை மட்டும், கூடு கட்டுமுன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.