நம்பர் வராத விரல்

இன்னா நைனா, கழுத்துல அடையாளப் பட்டை, மடியில லேப்டாப்பு, கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஜன்னல் சீட்டு! மருத்துவக் கருவி டிசைன் பண்றியாமே? சந்தோசம். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தங்கியிருக்கியா? கட்டில்ல படுக்க வேணாம், பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தாவது? இல்லையா? அப்ப யாருக்கு டிசைன் பண்ற, கம்ப்யூட்டருக்கா? ஏட்டுச் சுரைக்காய்க்கு 3டி பிரிண்டர் வந்துட்டா மட்டும் கறிக்கு ஆவுமா?

போன மார்கழியில மூச்சு வாங்குதுன்னு என்னை ஒரு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. விரல்ல ஒரு கிளிப்பு மாட்டுனாங்க. சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் விரல்ல பாய்ச்சி, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு கணக்குச் சொல்லுமாம். என் விரலு முப்பது வருசம் சிப்காட்டுல இரும்பு புடிச்சது. அன்னிக்கு ஐஸாட்டம் சில்லிட்டுக் கெடக்குது. நம்பரே வரல. பெட்டி கீ கீன்னு கத்துது. நர்சம்மா பதறல. என் விரலை ரெண்டு கையில வெச்சுப் பரபரன்னு தேய்ச்சாங்க. சூடு ஏறுச்சு, நம்பர் வந்துச்சு. அந்தத் தேய்ப்பு உன் படத்துல எந்த மூலையில கீது?

இதைப் புரிஞ்சவங்களும் கீறாங்க. சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் மூணும் சேந்து கிளினிக்கல் எஞ்சினியரிங்னு எம்.டெக் நடத்துறாங்க. எஞ்சினியரை ஆஸ்பத்திரிக்குள்ள இட்டுனு போயி, டாக்டர் பக்கத்துல நிக்க வெச்சு, கஷ்டத்தைக் கண்ணால பாருன்றாங்க. நம்ம டெய்லரு அளவெடுக்காம துணியை வெட்டுவானா? அதுக்கு அவன் எம்.டெக்கா படிச்சான்? படிச்சவனுக்கு இதையும் பாடமா வெச்சாத்தான் ஏறும் போல!

சிரிச்சாலும் ஒண்ணு சொல்லணும். அந்த சித்திரைத் திருநாள் நிறுவனத்துல இதய வால்வு செஞ்சப்ப மூணு மாதிரி தோத்துச்சு. நாலாவதுதான் 1990-ல மனுசன் நெஞ்சுக்குள்ள போச்சு. அறுக்கிற டாக்டரும் செய்யிற எஞ்சினியரும் ஒரே நிறுவனத்துல இருந்தே அவ்ளோ பாடு. நீ ஏசி ரூம்ல தனியா உக்காந்து ஒரே தபாவுல செஞ்சுடுவியா?

ஜெய்ப்பூர் கால் தெரியுமா? சீமையில இருந்து வந்த செயற்கைக் காலுக்கு பூட்ஸ் வேணும். அத்தப் போட்டுக்கினு நம்மாளு சப்பணம் போட முடியுமா, குந்த முடியுமா, சேத்து வயல்ல எறங்க முடியுமா? 1960-கள்ல டாக்டர் பி.கே. சேத்தியோட சேந்து ராமச்சந்திர சர்மான்ற கைவினைஞர் ரப்பர் பாதம் செஞ்சாரு. பெரிய படிப்பெல்லாம் இல்ல. நொண்டி வர்றவன் வீட்டுக்குப் போயி எப்படி உக்காருவான்னு தெரிஞ்சவரு. அவ்ளோதான்.

அதனால நைனா, அடுத்த தபா கிளிப்பு செஞ்சா மொதல்ல மார்கழியில எங்கிட்ட எடுத்துனு வா. விரலை நீட்டறேன். தேய்க்காமலே நம்பர் வந்துச்சுன்னா, ஊரைக் கூட்டி உன்னை எஞ்சினியர்னு கூப்புடறேன். அதுவரைக்கும் நீ என் பேரன்தான். போயி சக்கரை கம்மியா ஒரு டீ வாங்கியா.