நார்மல் வெயிட்

எங்கள் குடியிருப்பில் போன மாதம் இலவச மருத்துவ முகாம். வாழைமரம் கட்டாததுதான் பாக்கி. ஏரியாப் பெரிய மனிதர் ரிப்பன் வெட்ட வந்தார். கத்தரிக்கோல் ரிப்பனை எட்டுவதற்குள் அவருடைய தொந்தி எட்டிவிட்டது. அதை யாரும் அளக்கவில்லை.

வாட்ச்மேன் அண்ணனை அளந்தார்கள். உயரம் 160 செ.மீ., எடை 58 கிலோ. அட்டையில் 'நார்மல் வெயிட்' என்று எழுதி டிக் வேறு அடித்தார்கள். கணக்குப்படி சரிதான், பி.எம்.ஐ. 22.7. அடுத்த மேசையில் விரலைக் குத்தினார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 186.

"நார்மல்னு இப்பத்தானே சார் எழுதிக் குடுத்தாங்க?" என்று அட்டையை என்னிடம் நீட்டினார். கையும் காலும் ஈர்க்குச்சி. நடுவில் ஒரு குடம். "என் பேண்ட் சைஸ் இருபது வருஷமா 32தான் சார்." பொய்யில்லை. பேண்ட் அப்படியேதான் இருக்கிறது, தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். முகாமில் எடை மெஷின் இரண்டு. இஞ்ச் டேப் ஒன்றுகூட இல்லை.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த பி.எம்.ஐ. சூத்திரம் 1830களில் பெல்ஜியத்து வானியலாளர் கெட்லே போட்டது. நட்சத்திரம் பார்த்தவர், அளந்ததோ ஐரோப்பிய உடம்புகளை. நம் உடம்பு வேறு வார்ப்பு. புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்களையே சாட்சிக்கு நிறுத்தினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. நம் கொழுப்பு வெளியே தெரிகிற மாதிரி உட்காராது. வயிற்றுக்குள் புகுந்து, ஈரலில் குடியேறி, இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றி, இதயக் குழாய் வரைக்கும் கைவரிசை காட்டும். இத்தனை வருஷம் கழித்தும் நம் முகாமில் குடத்துக்குப் பெயர் நார்மல்.

மருத்துவர் நல்லவர். "சோத்தைக் குறைங்க, தினமும் நாற்பது நிமிஷம் நடங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். இரவு பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துச் சம்பளம் தரும் ஏஜென்சியிடம் இந்தச் சீட்டைக் காட்டலாமா? நடப்பது எங்கே? நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், ஜூஸ் கடை மேசை, கட்சிக்கொடிக் கம்பம், பைக் வரிசை. ரோட்டில் இறங்கி நடந்தால் இதயநோய்க்கு முன்னால் தண்ணீர் லாரி வந்துவிடும்.

சோற்றைக் குறைக்கும் கதைக்கு வருவோம். ரேஷன் அரிசி இந்த நாட்டின் பசியைத் தீர்த்தது. அதைக் கேலி செய்கிறவன் வாயில் மண். ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு போதும் என்று கணக்குப் போட்டது எந்தச் சமையலறையில்? அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், கூடவே சர்க்கரை. காய்கறிக்கு மட்டும் கடவுள்தான் துணை. பிறகு 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்', மாத்திரை வாசலுக்கே வருகிறது. வரட்டும், வேண்டியதுதான். நோயும் வீடு தேடித்தானே வந்தது!

டெல்லி இன்னும் கெட்டி. சிலி நாடு 2016இலேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிஞ்சிய பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தியது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்த வரைவோ, பாக்கெட்டுக்கு நட்சத்திரம் தரலாம் என்றது. எச்சரிக்கை கேட்டால் மதிப்பெண்! நூறு பாக்கெட் தின்ற பிள்ளைக்கு அரை நட்சத்திரமும் பரிசாகத்தான் தெரியும். கெட்லே இருந்திருந்தால் எண்ணிக் கொடுத்திருப்பார்.

2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டதாம். நம்புங்கள்.

முகாம் முடிந்ததும் எல்லோருக்கும் கேசரி, மெதுவடை, சர்க்கரை தூக்கலாக டீ. அண்ணன் இரண்டு கேசரி வாங்கிக்கொண்டார். அட்டை சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

தெருமுனைத் தையல்காரரிடம் அவரை அழைத்துப்போய், விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றச் சொன்னேன். 92 செ.மீ. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் ஆபத்து. தையல்காரர் காசு வாங்கவில்லை. நீங்களும் போய் அளந்துகொள்ளுங்கள்.