பார்த்துட்டுச் சொல்றேன்

டெல்டாவில் ஊருக்கு ஒரு டிராக்டர் மாமா இருப்பார். அவரிடம் டிராக்டர் இருக்காது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பழைய வண்டி விலைக்கு வந்தாலும் முதலில் போய்ப் பார்ப்பவர் அவர்தான். வண்டி நிறுத்தத் தகரக் கொட்டகைகூடப் போட்டுவிட்டார். இப்போதைக்கு அதில் இரண்டு ஆடுகள் குடியிருக்கின்றன.

மாமாவின் தேடலுக்குப் பருவம் உண்டு. தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது தொடங்குவார். “ஜூன் பன்னண்டு மேட்டூர் திறக்கறதுக்குள்ள நம்ம வாசல்ல வண்டி நிக்கும், எழுதி வெச்சுக்க மாப்ள” என்பார். தண்ணீர் வந்து, ஊரே கேஜ் வீல் மாட்டிக் குறுவைச் சேற்றில் இறங்கும்போது, வாடகை வண்டிக்காரரிடம் “தம்பி, இந்த ஒரு வருஷம் மட்டும் ஓட்டிக் குடுத்துடு” என்று நிற்பார். அப்புறம் ஆடி, ஆடியில் வண்டி வாங்கக் கூடாது. ஐப்பசியில் அடைமழை. மார்கழி பீடை. மறுபடியும் தை.

வண்டி பார்க்கப் போனால் விடிவதற்கு முன்பே போய் நிற்பார். வணக்கம் சொல்வதற்கு முன் உள்ளங்கையை இன்ஜின்மேல் வைப்பார். சூடாக இருந்தால் தீர்ந்தது. “நமக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிப் பழக்கி வெச்சிருக்கான். குளிர்ல எடுக்காத வண்டி.” ஜில்லென்று இருந்தால் அடுத்த கட்டம். ஆயில் கம்பியை உருவி, இரண்டு விரலில் தேய்த்து, பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வந்தால் “ரிங்கு போச்சு” என்பார். சைலன்சரில் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பம்பு, நாசில், இல்லாவிட்டால் ஏர் ஃபில்டர். இதெல்லாம் சத்தியமான வார்த்தை. எந்தப் பட்டறைக்காரரும் மறுக்க மாட்டார்.

கடைசியில் ஹைட்ராலிக் பரீட்சை. கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் காபி குடிப்பார். திரும்பி வரும்போது கலப்பை தரையைத் தொட்டிருந்தால் உள்ளே கசிவு. ஒருமுறை இரண்டு காபி ஆகியும் கலப்பை ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. மாமா சுற்றிச் சுற்றி வந்தார். “இறங்கவே இல்லையே... இதுல ஏதோ விஷயம் இருக்கு” என்றார்.

அவர் தர்க்கத்துக்கு முன்னால் எந்த வண்டியும் தேறாது. புது பெயிண்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறான். அடிக்காவிட்டால் கவனிப்பில்லை. இன்ஜின் வேலை பார்த்திருந்தால் “ஏன் பிரிச்சான்?” பார்க்காவிட்டால் “இனிமே நாமதானே பிரிக்கணும்?” மணி மீட்டர் ஓடினால் திருத்தியிருப்பான், ஓடாவிட்டால் கேபிளைக் கழற்றியிருப்பான். சேற்றுழவு ஓட்டிய வண்டி என்றால் சீல் வழியாகச் சேறு ஏறி பேரிங் போயிருக்கும். செங்கல் அடித்த வண்டி என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும்.

கம்பெனிக் கதையும் அப்படித்தான். மாஸி 1035 என்றால் “சாமான் பட்டிதொட்டியெல்லாம் கிடைக்கும், ஆனா விலை இறங்க மாட்டான்.” மஹிந்திரா 275 என்றால் “நல்ல வண்டிதான், நமக்குக் கொஞ்சம் பெருசு.” எச்.எம்.டி. என்றால் “சல்லிசுதான், ஆனா அந்த டிராக்டர் ஃபேக்டரியை மூடச் சொல்லி கவர்மெண்டே 2016-ல முடிவு பண்ணிடுச்சு. சாமானுக்கு எங்க போறது?”

எல்லாம் சரியாக இருந்துவிட்டால் ஆர்.சி. புக்கை எடுப்பார். பேங்க் கடன் அடைத்ததற்கு என்.ஓ.சி. எங்கே, எச்.பி. கேன்சலுக்கு 35-ம் நம்பர் ஃபாரம் எங்கே, பேர் மாற்ற 29, 30-ல் கையெழுத்து எங்கே, 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தாயா என்று வரிசையாகக் கேட்பார். அதுவும் பக்காவாக இருந்தால் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அந்த மந்திரத்தைச் சொல்வார்: “பார்த்துட்டுச் சொல்றேன்.”

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல சரின்னுட்டாரு” என்று அத்தை அலுத்துக்கொள்வார். கணக்கிலும் அத்தை கெட்டி. “இருக்கறது பத்து மா. வருஷத்துக்கு முப்பது மணி நேரம் உழவு இருந்தா அதிகம். பாக்கி எட்டாயிரத்து எழுநூறு மணி நேரமும் வண்டி நின்னுக்கிட்டே வட்டி தின்னும். வேளாண்மைப் பொறியியல் துறையிலயே மணிக் கணக்குக்கு வாடகைக்கு விடறாங்கல்ல?”

மாமாவுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆனால் நமக்குக் கட்டுப்படியாகாது என்பதைவிட வண்டி சரியில்லை என்று சொல்வது கௌரவம்.

அவரால் ஊருக்கு நட்டமில்லை. அவரைக் கூட்டிப்போனவர்கள் யாரும் ஏமாந்ததில்லை. “அந்தப் பெரியவரை மட்டும் அழைச்சிட்டு வராதீங்க, விலையில பத்தாயிரம் குறைச்சுக்கறேன்” என்று புரோக்கரே கெஞ்சுகிறார்.

ஆகவே, பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் இப்படி ஒரு மாமாவைத் தவறாமல் அழைத்துப் போங்கள். அட்வான்ஸ் பணத்தை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். திரும்பி வராது என்ற பயமில்லை, போகவே போகாது.