நாலு தந்தியில் ஒரு வாழ்க்கை

கேள்வி: நாட்டுப்பாடல் பாடியவர் சைகடெலிக் ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துப் பிழைக்க முடியுமா?

பதில்: டேவிட் ஃப்ரைபெர்க் பிழைத்தாரே! 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கிட்டாரும் கையுமாகத் திரிந்த நாட்டுப்பாடகர். பின்னாளில் ராக் இசையில் பெயர்பெற்ற பால் கான்ட்னர், டேவிட் கிராஸ்பி எல்லாம் அப்போது இவருடன் ஒரே வீட்டுவாசிகள். (வீட்டுக்காரர் பாவம்!) பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில் குவிக்சில்வர் மெசஞ்சர் சர்வீஸ் குழுவின் பேஸ் கலைஞரானார். 1969-இல் வந்த 'ஹேப்பி டிரெயில்ஸ்' இசைத்தட்டில் போ டிட்லியின் ஒரே பாட்டை ஒரு பக்கம் முழுக்க இழுத்திருக்கிறார்கள். இரண்டு லீட் கிட்டார்களும் ஆகாயத்தில் பறக்கும். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவருடைய பேஸ்தான். 1972-இல் ஜெஃபர்சன் ஏர்ப்ளேனில் பாடகரானார். அதன் வாரிசாக வந்த ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் குழுவிலும் தொடர்ந்தார்; அதன் 'ஜேன்' (1979) பாட்டை எழுதியவர்களில் இவரும் ஒருவர். நடுவில் விலகியவர், பென்ஷன் வாங்குகிற வயதில், 2005-இல் மறுபடி அதே குழுவில் போய்ச் சேர்ந்தார்.