தாத்தன் கவுன்சிலிங்

ஏங்கண்ணு, இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்குச் சாய்ஸ் போடறயாமா? அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழ நானூறு காலேஜுக்கு மேல இருக்குது, எதைப் போடறதுன்னு முழிக்கறயே! இதுல என்ன கஷ்டம்? எவன் ஏசி பஸ்ஸு உடறானோ அதைப் போடு. கேட்டு ரெண்டாள் ஒசரம் இருக்கோணும். பிளக்ஸ்ல கோட்டுப் போட்ட பையன் சிரிக்கோணும். கண்ணபுரம் சந்தையில மாடு புடிக்கப் போனா பல்லைப் பாப்போம், சுழி பாப்போம், நடக்க உட்டுப் பாப்போம். நாலு வருசப் படிப்புக்கு அதெல்லாம் எதுக்கு?

வாத்தியாரைப் பத்தி மட்டும் மூச்சு உட்டறாத. 15 பிள்ளைக்கு ஒரு வாத்தியாருன்னு இருந்ததை 2018ல 20 பிள்ளைக்கு ஒருத்தர்னு காலேஜுக்கு அனுமதி குடுக்கற ஏ.ஐ.சி.டி.இ.யே தளர்த்திக் குடுத்துச்சு. அப்பவும் பத்தலை. 2024ல வெளிய வந்துச்சே, ஒரே வாத்தியாரு பல காலேஜுல முழுநேர வேலை பாக்கறதாக் கணக்கு! பாவம் மனுசன், காத்தால ஒரு ஜில்லா, மத்தியானம் ஒரு ஜில்லா. பஸ்ஸுக் காசாவது குடுத்தாங்களோ என்னமோ.

மேக்காலத் தோட்டத்துப் பையன் கடைசி வருசம் காசு குடுத்து பிராஜெக்ட் வாங்கியாந்தான். ரிப்போர்ட்டையும் பைண்டு பண்ணியே குடுத்துட்டாங்களாம். பிராஜெக்ட் பொட்டியில செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குனு எரிஞ்சுது. "ஏஞ்சாமி எரியுது?"ன்னேன். "வைவா முடிஞ்சுது தாத்தா, இனி ஆரும் கேக்கமாட்டாங்க"ன்னான். இன்டர்வியூவுல மொதக் கேள்வியே அதுதானாம். இப்பக் கோயமுத்தூருல மறுபடியும் காசு கட்டிக் கோர்ஸ் படிக்கறான். நாலு வருசத்துல சொல்லித் தராததை மூணு மாசத்துல சொல்லித் தர்றாங்களாம். அப்ப அந்த நாலு வருசம்? ஏசி பஸ்ஸுல நல்லாத் தூங்கினானில்ல!

கேட்டும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம்னு அடம் புடிச்சயின்னா, சொல்லாமக் கொள்ளாம ஒரு புதங்கெழமை போ. ஒர்க்‌ஷாப்புல லேத்துக்கு அடியில இரும்புச் சுருள் கெடக்குதான்னு குனிஞ்சு பாரு. எண்ணெய்க் கறை கூட இல்லாமப் பளபளன்னு இருந்துச்சுன்னா, ஆயுத பூசைக்கு மட்டும்தான் அதைத் தொடறாங்க. லைப்ரரியில புஸ்தகத்தைத் தெறந்து கடைசியா எந்தத் தேதியில முத்திரை குத்தியிருக்குதுன்னு பாரு. படிச்சு முடிச்ச பசங்ககிட்ட எத்தனை பேருக்கு வேலைன்னு கேக்காத. என்ன வேலை, என்ன சம்பளம்னு கேளு.

நானும் கூட வர்றேன். வாட்ச்மேன் மறிச்சு "ஆருக்கு சீட்டு?"ன்னா என்னையக் கை காட்டு. "எங்க தாத்தனுக்குங்க, மெக்கானிக்கல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாருங்க"ன்னு சொல்லிப்போடு.